ஏழாம் வரியில் இருந்த ‘வேண்டும்’

எழுத்து கோணலாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடையத்தில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டும், ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்தும்தான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று நிச்சயமில்லை. மறதியும் உண்டு. முந்தாநாள் என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். யாருடைய பேரையும் போடவில்லை. எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள். நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்கார வேண்டியவர்கள்.

என் வீட்டுக்காரருடைய குரல் எப்படிப் போனது என்பதைத்தான் எழுத வந்தேன்.

அவர் தென்காசி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிட்டு ஏற்றுகிறவராக இருந்தார். “பாவூர்சத்திரம், ஆலங்குளம், திருநெல்வேலீ, ஏறு ஏறு” என்று அவர் போடுகிற சத்தம் எதிர்ச்சாரிக் கடைகள் வரைக்கும் கேட்கும். அந்தத் தொண்டையிலேயே கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தங்கும், பேச்சு தங்காது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது.

அந்த இரண்டு வாரத்தில்தான் என் தம்பி மகன் வந்தான். எனக்கு மருமகன் முறை. தென்காசியில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தான். கடைக்காரர்கள், கிளினிக்குகள், பள்ளிக்கூடங்கள் என்று பலருடைய விவரங்களை வாங்கிப் பத்திரமாக வைத்துக் கொடுக்கிற தொழில். அதற்குக் கிளவுட் என்று பேர். எங்கள் போனில் எதையோ ஏற்றினான். ஒரு சிவப்பு வட்டத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் போதும்.

“மாமா, ஒங்க இஷ்டத்துக்குப் பேசி வையுங்க. போனு கெணத்துல விழுந்தாலும் ஒங்க சத்தம் போவாது. அது போன்லயே இருக்காது. எங்க கிளவுடுல இருக்கும்.”

“கிளவுடுன்னா என்னலே?”

“மேகம்.”

“ஏ மருமவனே, அப்பம் குத்தாலத்துல சாரல் விழுந்தா என் சத்தமும் சேந்து விழுமோ? ஐந்தருவில குளிக்கவன் எல்லாம் ‘ஆலங்குளம் ஏறு’ன்னு காதுல கேட்டு, ஈரத்துண்டோட ரோட்டுக்கு ஓடியாந்துருவான்லா?”

என் மருமகன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு விளக்கமாகச் சொன்னான். மேகம் என்பது பேர்தானாம். எங்கேயோ ஓர் ஊரில், ஏசி போட்ட கட்டடத்தில், பீரோ பீரோவாகக் கம்ப்யூட்டர் நிற்குமாம். அதில் ஒரு மூலையை இவன் கம்பெனி வாடகைக்குப் பிடித்திருக்கிறதாம். அந்த மூலையில் ஒரு தட்டு இனிமேல் மாமாவுக்கு.

அவர் இரண்டு வாரமும் பேசினார். உபதேசம் எல்லாம் ஒன்றும் இல்லை. தண்ணீர் மோட்டாரில் காற்று அடைத்தால் எந்த நட்டைத் திருக வேண்டும் என்பது ஒன்று. நான் போடுகிற டீயைப் பற்றி ஒன்று, அது முழுக்க வசவு. ஒன்றில் “ஏட்டி, ஏட்டி” என்று கூப்பிடுகிறார், நான் அடுப்படியிலிருந்து “என்ன?” என்கிறேன், “ஒண்ணுமில்ல, சும்மா” என்கிறார். அவ்வளவுதான் அது. நாற்பத்து மூன்று இருந்தன என்று நினைக்கிறேன். நாற்பத்து ஒன்றோ என்னவோ.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றேகால் வருஷம் இருந்தார். கழுத்தில் ஓட்டை, கையில் சிலேட்டு. சாயங்காலம் போனை எடுத்துத் தன் குரலைத் தானே போட்டுக் கேட்பார். டீ வசவு வரும்போது என்னைப் பார்த்து விரலை ஆட்டுவார். அதன் பிறகு அவரும் போனார். போனும் குரலும் என்னிடம் இருந்தன.

இனிமேல்தான் குற்றாலத்தில் நடந்த விஷயம் வருகிறது.

வெளியூரில் ஒரு கம்பெனி, இதே தொழில், ஒரு நாள் காலையில் ஷட்டரை இறக்கியது, பிறகு ஏற்றவே இல்லை. அதை நம்பி இருந்த ரத்தப் பரிசோதனைக் கடையில் பழைய ரிசல்ட்டுகள், ஒரு பள்ளிக்கூடத்தில் மார்க்குகள், எல்லாம் போயின. ஜனங்களுக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் சின்னக் கம்பெனிக்காரர்கள் சிலர் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள், மதுரை, கோயம்புத்தூர், மலையாளத்துப் பக்கம் ஒன்றிரண்டு பேர். ‘சர்க்கார் வந்து காதைத் திருகுகிற வரைக்கும் நிற்க வேண்டாம், நமக்கு நாமே ஒழுங்கு எழுதிக்கொள்வோம்’ என்று பேச்சு. என் மருமகன்தான் செயலாளர். சாரல் காலத்தில், குற்றாலத்தில் ஒரு லாட்ஜில், இரண்டு நாள் கூட்டம்.

அவன் வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டான். சமையலுக்குத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, எத்தனை பேருக்கு என்று கேட்டேன்.

“சமையலுக்கு இல்ல அத்தை. படிச்சுப் பாக்கதுக்கு. நாங்க எழுதுதது ஒங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்.”

“நான் வந்து என்னத்தப் படிக்க? எழுத்துக்கூட்டித்தான வாசிப்பேன்.”

“அதுக்குத்தான் ஒங்களக் கூப்பிடுதேன்.”

போனேன். லாட்ஜ் ஹாலில் நீள மேசை. தரை முழுக்க ஈரக்கால் தடம். மாடிக்கம்பியில் யாரோ குளித்துவிட்டுப் போட்ட துண்டுகளின் எண்ணெய் வாடை. பத்துப் பன்னிரண்டு பேர் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம், குரங்கு வராமல் இருக்கப் போட்ட கம்பி வலைக்குப் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டேன். அவர்கள் எழுதிய வரைவை எடுக்கலாம் என்று பார்த்தால் ஒருத்தருக்கும் திறக்கவில்லை. மழையில் நெட் போய்விட்டது. வரைவு மொத்தமும் கிளவுடில் இருந்தது.

செங்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், கேரளாவோடு வியாபாரம் செய்கிறவர், கையைத் தட்டினார். “கொள்ளாம், நல்லாருக்கு! மேகத்துக்காரங்க அம்புட்டு பேரும் மழைக்கு மாட்டிக்கிட்டோம் பாத்தியளா?”

திருநெல்வேலியிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்திருந்தாள். சட்ட வார்த்தைகளைப் பார்த்துக் கொடுக்கிறவள். அவள்தான் லாட்ஜ் மேனேஜரிடம் வெள்ளைத்தாளும் பென்சிலும் கேட்டு வாங்கி, அவர்கள் நினைவிலிருந்து சொல்லச் சொல்லக் கையால் எழுதினாள். அந்தத் தாள்களைத்தான் என் கையில் கொடுத்தார்கள்.

அவர்கள் வைத்த முறை இதுதான். நான் விரலை வைத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். எங்கே தடுக்குகிறேனோ அங்கே வக்கீலம்மா ஒரு கோடு போடுவாள். கோடு விழுந்த வார்த்தையை மாற்ற வேண்டும். ‘தரவு மையத்தின் புவியியல் அமைவிடம்’ என்று ஒன்று இருந்தது. மூன்று இடத்தில் தடுக்கினேன். அது ‘உங்கள் பொருள் எந்த ஊரில் இருக்கிறது’ என்று ஆயிற்று. ‘மறைகுறியாக்கம்’ வாயில் நுழையவே இல்லை. ‘பூட்டி வைத்தல், சாவி யாரிடம் என்று சொல்லுதல்’ என்று ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் எனக்கே கூச்சம் குறைந்துவிட்டது. என் தடுக்கலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலைப்பிலேயே ஒரு வார்த்தை. ‘தன்னார்வ நடத்தை நெறி.’ அதில் நான் தடுக்கவில்லை. ஆனால் அர்த்தம் கேட்டேன்.

“யாரும் கட்டாயப்படுத்தாம, அவங்களா மனசார ஏத்துக்கிடுதது அத்தை.”

“ஓ, நேந்துக்கிடுத மாதிரி.”

எல்லாரும் சிரித்தார்கள். செங்கோட்டைப் பெரியவர், “அதே, நேர்ச்சதான்! ஆச்சி சொன்னதுதான் சரி” என்றார். என் மருமகனும், “ஆமா அத்தை, அதேதான்” என்று தலையை ஆட்டினான்.

எங்கள் பக்கத்தில் நேர்ச்சை என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். கோயிலுக்கு நேர்ந்தாலும் சர்ச்சுக்கு நேர்ந்தாலும் ஒன்றுதான். முடி எடுக்கிறேன் என்று சொல்லச் சொல்லி யாரும் நம்மைக் கேட்கவில்லை. நாமாகத்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டால் பிறகு ‘நானாகத்தானே சொன்னேன், இப்போது வேண்டாம்’ என்று யாரும் திரும்பிப் போவதில்லை. பிறத்தியார் போட்ட உத்தரவுக்கு ஆயிரம் சாக்குச் சொல்லலாம். தானாக வாய்விட்டுச் சொன்னதற்குச் சாக்குக் கிடையாது. தன்னார்வம் என்ற வார்த்தையை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைத் திருத்தவில்லை.

இரண்டாம் நாள் ஏழாவது வரிக்கு வந்தோம். கம்பெனி மூடினாலோ, இந்த வேலையை விட்டாலோ என்ன செய்வது என்கிற இடம். செங்கோட்டைப் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

“ஆச்சி, நாங்க கடையச் சாத்துதோம்னு வச்சுக்கிடுங்க. ஒங்களுக்கு எப்படித் தெரியணும்?”

“வீட்டுக்கு வந்து சொல்லணும்.”

கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் சிரித்துவிட்டார். “எத்தனை வீட்டுக்குங்க போறது?”

“பொருள வாங்கிட்டுப் போவ வீடு வீடா வந்தியள்லா?” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மேசை அதிரச் சிரித்தார்கள். என் மருமகன், “எங்க அத்தைகிட்ட வாயக் குடுத்தா இப்படித்தான்” என்று பெருமையாகச் சொன்னான். கடைசியில் வக்கீலம்மா எழுதி, நான் தடுக்காமல் வாசித்த வரி இது:

‘கம்பெனி இந்தச் சேவையை நிறுத்துமானால், மூன்று மாதத்துக்கு முன்பே வாடிக்கையாளரைப் போனில் கூப்பிட்டு அவருடைய மொழியில் சொல்ல வேண்டும். அவருடைய பொருளை அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.’

இரண்டு ‘வேண்டும்’. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது ‘வேண்டும்’ தாளின் ஓரத்துக்குப் போய்விட்டதால், ‘டும்’ மட்டும் கீழே தனியாக நின்றது.

சாயங்காலம் போட்டோ எடுத்தார்கள். என்னை நடுவில் நிறுத்தினார்கள். நான் கீழே பார்த்துக்கொண்டுதான் நிற்பேன் அந்தப் படத்தில். நெறியை ஏற்பதாக முதல் கையெழுத்துப் போட்டது என் மருமகன். அவன் பேனாவை மூடியதைப் பார்த்தபோது, வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும், உங்கள் சத்தத்துக்கு இனிமேல் குறையில்லை என்று, என நினைத்துக்கொண்டேன். அவர் அப்போது உயிரோடு இல்லை. அப்படியும் அந்த நினைப்பு வந்தது.

சில மாதம் கழித்து நெறி அச்சாகிச் சின்னப் புத்தகமாக வந்தது. முதல் பக்கத்தில் அந்தப் போட்டோ. ‘எங்கள் அத்தைக்கும் புரிந்த நெறி’ என்று அடியில் போட்டிருந்தான். எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போனான். நான் வாசித்த வரிகள்தானே என்று பீரோவில் வைத்துவிட்டேன். அங்கேதான் நான் தவறினேன்.

அடுத்த கோடையில் மோட்டாரில் காற்று அடைத்தது. எந்த நட்டு என்று கேட்கப் போனை எடுத்தேன். சிவப்பு வட்டம் இருந்த இடத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி. கீழே ஒன்றும் இல்லை. நெட் இல்லை போல என்று மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ரோட்டுக்கு வந்து பார்த்தேன். அதே இரண்டு வரி. பக்கத்து வீட்டில் டீச்சருக்குப் படிக்கிற பெண் வாசித்துச் சொன்னாள். ‘இந்தச் சேவை நிறுத்தப்பட்டது. சேமித்தவை நீக்கப்பட்டன.’

பஸ் பிடித்து அவன் ஆபீசுக்குப் போனேன். போர்டு வேறாக இருந்தது. பெரிய கம்பெனி ஒன்றோடு சேர்ந்துவிட்டார்களாம். கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வைத்துக் கொடுப்பது மட்டும் தொடருமாம். வீட்டு ஆட்களின் படம், பாட்டு, பேச்சு எல்லாம் இனிமேல் கிடையாதாம். வாசலில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். அங்கேயிருந்து அவன் வீட்டுக்குப் போனேன்.

“வாங்க அத்தை. என்ன இந்த வெயில்ல வாரிய? ஏட்டி, அத்தைக்கு மோர் கொண்டா.”

“மாமா சத்தம் எங்கலே?”

மோரை அவன் மனைவி என் முன்னால் வைத்தாள். நான் தொடவில்லை.

“அத்தை, எல்லாருக்கும் மெயில் அனுப்பிச்சிருந்தோம். மாமா பேருக்கும் வந்திருக்கும்.”

“மாமா பேருல எனக்கு என்ன மெயிலு? அது நீயா தொறந்து வச்சது. அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. மாமா செத்து எத்தன நாளாச்சு? செத்தவருக்குக் கடுதாசி போட்டியோ?”

“எல்லாருக்கும் ஒண்ணு போலத்தான அனுப்ப முடியும்? எங்க வீடுன்னு தனியாப் பாக்க முடியுமா?”

“ஒரு வார்த்த போன்ல சொல்லியிருக்கலாம்லா. இங்கன இருக்க வீட்டுக்கு ஒரு நடை வந்து சொல்லியிருக்கலாம்லா. ஏழாவது வரில அப்படித்தான எழுதியிருந்துச்சு?”

“அது தன்னார்வம் அத்தை. கட்டாயம் கெடையாது.”

“கட்டாயம் இல்லாம நீயாச் சொன்னதுனாலதான கேக்கேன்.”

அவனுக்கு நான் சொன்னது புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். எழுந்து போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து பிரித்துக் காட்டினான். நான் விரலை வைத்து வாசித்தேன்.

‘நிறுவனம் இந்தச் சேவையை நிறுத்துமானால், இயன்றவரை முன்கூட்டியே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க முயலும். அவருடைய பொருளைத் திருப்பிக் கொடுக்க ஆவன செய்யும்.’

எல்லாம் லேசான வார்த்தைகள். நான் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. இயன்றவரை, முயலும், ஆவன. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவளுக்கும் சறுக்கிக்கொண்டு போகும். கரடுமுரடான வார்த்தையைத்தான் என் வாயால் பிடிக்க முடிந்தது. இவற்றைப் பிடிக்க என்னால் ஆகாது.

“நாம எழுதுனது இது இல்லலே. அதுல ‘வேண்டும்’னு இருந்துச்சு. ரெண்டு எடத்துல.”

“இல்ல அத்தை. மொதல்லருந்தே இப்படித்தான். ஒங்களுக்கு மறதி.”

அவன் கத்தவில்லை. சிரித்த மாதிரி, பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி சொன்னான். அதுதான் எனக்கு ஆறவில்லை. குரல் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். வரியை மாற்றிவிட்டு, ‘மாற்றினேன் அத்தை, பெரிய கம்பெனிக்காரன் கேட்டான்’ என்று சொல்லியிருந்தால், வைதுவிட்டு மோரைக் குடித்திருப்பேன். அவன் சின்ன வயதில் எத்தனையோ செய்திருக்கிறான், வைதுவிட்டு விட்டிருக்கிறேன். நான் என் கண்ணால் பார்த்து, என் வாயால் வாசித்த வரியை, இல்லவே இல்லை என்று என்னிடமே சொல்கிறான். அந்தப் பழைய தாள்கள் எங்கே என்று கேட்டேன். அச்சான பிறகு அது எதற்கு என்றான்.

வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். நம்பர் தேடி எடுக்கவே இரண்டு நாளாயிற்று, கூப்பிடத் தைரியம் வர இன்னும் நாலு நாள். அவள் பிரியமாகத்தான் பேசினாள். கடைசிக் கூட்டம் வேறு ஊரில் நடந்தது, அதற்குத் தான் போகவில்லை, முதல் பிரதியில் என்ன இருந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, இதில் தன்னை இழுக்க வேண்டாம் என்றாள். தாள்களைச் செங்கோட்டைப் பெரியவர் வாங்கிப் பைக்குள் வைத்ததாக ஒரு ஞாபகம் என்றும் சொன்னாள். அவருடைய நம்பர் என்னிடம் இல்லை.

போன மாதம் என் மருமகனே போன் செய்தான். நெறிக்கு இரண்டாம் பதிப்பு போடுகிறார்களாம். திரும்பவும் குற்றாலத்தில் கூட்டமாம்.

“நீங்கதான் வந்து வாசிக்கணும் அத்தை. எல்லாரும் ஒங்களத்தான் கேக்காங்க.”

“மாமா பேசி வச்சதுல ஒண்ணையாவது எடுத்துக் குடு. வாரேன்.”

“அது அழிஞ்சு போச்சு அத்தை. அழிஞ்சா வராது.”

“அப்பம் எனக்கும் வர முடியாது. முதல் பக்கத்துலருந்து அந்தப் படத்த எடுத்துரு.”

“ஒரு படம் அத்தை. அதுல என்ன இருக்கு?”

“அத்தைக்குப் புரிஞ்ச நெறின்னு போட்டிருக்கலே. எனக்குப் புரிஞ்சது வேற.”

அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முயற்சி பண்ணுகிறேன் என்றான்.

இதுதான் நடந்தது. அந்த லாட்ஜில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். சாரல் அடித்த அந்த இரண்டு நாளில் பென்சிலால் எழுதிய தாள்கள் செங்கோட்டையிலோ வேறு எங்கேயோ இருக்கும். ஏழாவது வரியை எடுத்துப் பாருங்கள். மூன்று மாதம் என்று இருந்ததா, இரண்டு மாதமா என்பதில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் உண்டு. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ‘வேண்டும்’ இருந்ததா என்று மட்டும் பார்த்து, இருந்தாலும் இல்லாவிட்டாலும், எனக்குச் சொல்லிவிடுங்கள்.